என் கைராசியைச் சோதித்த சனிக்கிழமை

என் மகள் லேப் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அவளோடு சேர்ந்த மூன்று பேரிடம், "எங்க அப்பா இதே வேலையிலதான் ரிட்டயர் ஆனாரு, அவரை ஏதாவது எழுதித் தரச் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். நான் பிளஸ் டூ வரை படித்தவன். தாம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டெண்டராகச் சேர்ந்து டெக்னீஷியனாக வெளியே வந்தேன். இடையில் கற்றதுதான் என் படிப்பு. பிள்ளைகளே, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது, டியூபை எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பெரிய தப்பும், அதற்கு முன்னால் ஒரு சின்னத் தப்பும்தான்.

நாங்கள் அளந்தது ஏடிபி. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீங்கள் படிப்பதற்கு முன் என் வீட்டம்மா படித்துவிடுவார், அவருக்காகச் சொல்கிறேன். உடம்பில் ஒவ்வொரு செல்லும் வேலை செய்ய ஓர் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருள்தான் ஏடிபி. செல் தெம்பாக இருந்தால் அது நிறைய இருக்கும், நலிந்தால் குறையும். அதை அளக்க, மின்மினிப் பூச்சியின் வயிற்றில் வெளிச்சம் உண்டாக்குகிற நொதி கலந்த ஒரு கலவையை டியூபில் ஊற்றுவோம். ஏடிபி எவ்வளவோ அவ்வளவு வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சத்தை ஒரு மெஷின் எண்ணாகக் காட்டும்.

சின்னத் தப்பு, சேர்ந்த வருஷம் நடந்தது. வெறும் தண்ணீர் வைத்த டியூபும் வெளிச்சம் காட்டியது. தண்ணீரை மாற்றினேன், டியூபை மாற்றினேன், மெஷின்காரரைக்கூடக் கூப்பிட்டார்கள். கடைசியில் பார்த்தால், கையுறை போடாமல் கட்டைவிரலால் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். தோலும் உயிருள்ளதுதான், அதிலும் ஏடிபி உண்டு. அன்று மெஷின் அளந்தது என் விரலை. அன்றிலிருந்து கையுறை இல்லாமல் நான் எதையும் தொட்டதில்லை. பெரிய தப்பு, கையுறை போட்ட கையாலேயே செய்தது.

வருஷம் ஆக ஆக எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது. கைராசிக்காரர் என்று. ஆராய்ச்சி மாணவர்கள் தாங்களே அளந்தால் ஒரு நாள் ஒரு மாதிரி வரும், மறுநாள் வேறு மாதிரி வரும். என்னிடம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். மாடியில் இருந்த வேறு பிரிவுக்காரர்கள்கூட டியூப் அடுக்கிய ரேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, ஒரு தடவை உங்க கையால பார்த்துக் கொடுங்களேன்" என்பார்கள். இல்லை என்று நான் சொன்னதே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. படித்தவர்கள் கூட்டத்தில் படிக்காதவனுக்கு ஒரு இடம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்.

ரிட்டயர் ஆவதற்குச் சில வருஷம் முன்பு ஒரு மாணவி இருந்தாள். உண்மைப் பெயர் வேண்டாம், ஷீபா என்று வைத்துக்கொள்வோம். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். ஓர் இலையின் சாறு, நலிந்த செல்லுக்குத் தெம்பு கொடுக்கிறதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. செல்லை நலிய வைத்து, பாதிக்கு இலைச் சாறு கொடுத்து, மீதிப் பாதியை வெறுமனே விட்டு, இரண்டிலும் ஏடிபி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வளர்ப்பது அவள், அளப்பது நான். என் கையில் ஒவ்வொரு முறையும் இலை ஜெயித்தது. கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக வித்தியாசம் வந்தது. அவளுடைய பேராசிரியருக்கு ரொம்பத் திருப்தி. தீசிஸில் அதுதான் முக்கியமான அத்தியாயம் என்று முடிவாயிற்று. ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலையும் காத்திருந்தது. தீசிஸ் கொடுத்துவிட்டேன் என்று காட்டினால் சேர்ந்துகொள்ளலாம்.

தீசிஸுக்கு முந்தின கூட்டம் ஒரு திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதற்கு முன் கடைசியாக ஒரு முறை அளக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் புதன்கிழமை ஆடிக் கிருத்திகை. நான் குடும்பத்தோடு குன்றத்தூர் கோயிலுக்குப் போக லீவு போட்டிருந்தேன். செல் நமக்காகக் காத்திருக்காது. அன்று ஷீபாவே அளந்தாள்.

வியாழக்கிழமை காலை நான் போனபோது, கிளாஸ் கழுவும் இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கன்னியம்மா அக்கா. எங்கள் லேபில் கிளாஸ் கழுவுவது, ஐஸ் கொண்டுவருவது எல்லாம் அந்த அக்காதான். எனக்கு முன்னால் சேர்ந்தவர்.

"சாமி பாத்துகினு வந்துட்டியா?" என்றார் அக்கா. "இங்க ஒரு பொண்ணு காலைலேர்ந்து டீ கூட குடிக்காம குந்தினுகீது."

"என்னம்மா ஆச்சு?" என்று ஷீபாவிடம் கேட்டேன்.

"சொதப்பிட்டேன் அண்ணா. தலைகீழா வந்திருக்கு. சும்மா விட்ட செல்லுல அதிகம், இலை போட்டதுல கம்மி. என் கை சரியில்லை. செல் இன்னும் ஒரு செட் இருக்கு. இன்னைக்கு நீங்களே பண்ணிடுங்க, ப்ளீஸ்."

செய்தேன். மத்தியானத்துக்குள் முடிந்தது. இலை ஜெயித்தது. அவள் முகம் தெளிந்து, டீ குடித்துவிட்டு ரயிலுக்குப் போனாள். "இனிமே இந்த மெஷினைத் தொடமாட்டேன் அண்ணா. உங்க கைதான் கை."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, அவள் எங்கே தப்பு செய்தாள் என்று கண்டுபிடித்துச் சொல்லலாம் என்று அவளுடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசையில்தான் எடுத்தேன், வேறு எண்ணம் எதுவும் இல்லை.

புதன்கிழமை அவள் அளந்த வரிசையிலேயே ஒன்றின் கீழ் ஒன்றாக எண்களை எழுதியிருந்தாள். முதல் டியூபுக்குப் பெரிய எண். அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். படிக்கட்டு இறங்குகிற மாதிரி பன்னிரண்டாவது டியூப் வரை இறங்கிக்கொண்டே போனது. நடுவில் வெறும் செல் முடிந்து இலை தொடங்குகிற இடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. படி அதுபாட்டுக்கு இறங்கியது.

அவள் வெறும் செல்லை முதலில் அளந்திருந்தாள். அது கெட்டுப்போனாலும் பரவாயில்லை, கை பழகினபிறகு அருமையானதைத் தொடலாம் என்று. எல்லாப் புதியவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

நான் எப்படிச் செய்வேன்? இலை போட்டதை முதலில் எடுப்பேன். ஐஸ் கெட்டியாக இருக்கும்போதே, கலவை புதிதாக இருக்கும்போதே அதை அளந்துவிட வேண்டும் என்று. நம் வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை முதல் பந்தியில் உட்கார வைக்கிறோம் இல்லையா. வடை சூடாக இருக்கும், பாயசம் நீர்க்காமல் இருக்கும். நம் ஆட்கள் கடைசிப் பந்தியில் இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வார்கள். யாரும் எனக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிள்ளைகள் மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்தது என்ற அக்கறையில் நானாகச் செய்துகொண்ட பழக்கம். எல்லாருடைய மருந்தையும் முதல் பந்தியில் உட்கார வைத்தேன்.

எங்கள் மெஷின் பழையது. ஒரு நேரத்தில் ஒரு டியூப்தான் பார்க்கும். பன்னிரண்டும் முடிய முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குள் ஐஸ் தளர்ந்துவிடும். காத்திருக்கும் டியூபில் ஏடிபி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கலவையும் சத்து இழக்கும். கடைசியில் அளவு தெரிந்த ஒரு டியூபை மறுபடி வைத்துப் பார்த்தால் இது தெரிந்திருக்கும். கலவை தீர்ந்துவிடுமே என்று நாங்கள் அதை எப்போதோ விட்டுவிட்டோம்.

என் பழைய நோட்டுகளை எடுத்தேன். நான் இலைக்கு ஒரு பத்தி, வெறும் செல்லுக்கு ஒரு பத்தி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடியில் சராசரி போட்டுக் கொடுப்பேன். பார்ப்பவர்கள் அடியில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பார்கள், நானும்தான். இப்போது மேலிருந்து கீழே படித்தேன். இடது பத்தி இறங்கியது. அது விட்ட இடத்திலிருந்து வலது பத்தி இறங்கியது. இன்னொரு நோட்டிலும் அப்படித்தான். அதற்கு முந்தின நோட்டிலும்.

அன்று சாயங்காலம் தாம்பரத்தில் வீட்டுக்குப் போகக் கீழ்க்கட்டளை பஸ்ஸுக்காக நின்றபோது, மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தேன். நான் டெக்னீஷியன். கொடுத்ததை அளந்தேன், வந்த எண்ணைக் கொடுத்தேன். எந்த வரிசையில் அளக்க வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை. எண்ணுக்கு அர்த்தம் சொல்வது படித்தவர்கள் வேலை. இதில் பொய் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அதனால்தான் அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் தீசிஸில் கை வைக்க முடியாது. சனிக்கிழமை அரை நாள். காலையில் சீக்கிரம் போய், வெறும் செல்லில் மிச்சம் இருந்ததை ஒரே பாத்திரத்தில் கரைத்துப் பன்னிரண்டு டியூபில் சரிசமமாகப் பிரித்தேன். ஆறு டியூபில் 'இலை' என்று எழுதினேன். ஆறில் 'வெறும்' என்று எழுதினேன். எல்லாம் ஒரே சரக்கு, பேர்தான் வேறு. பிறகு எப்போதும் செய்கிற மாதிரியே அளந்தேன். அவசரமும் படவில்லை, இழுக்கவும் இல்லை.

'இலை' ஜெயித்தது. அதே கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு.

மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன் போலிருக்கிறது. கன்னியம்மா அக்கா ஐஸ் பெட்டியை எடுக்க வந்தவர், "இன்னாபா, கல்லு மாரி நின்னுகினுகீற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரே சட்டி கொயம்பு," என்றார். "மொத கிண்ணம் ஒரு ருசி, கடசி கிண்ணம் ஒரு ருசின்னா கொயம்ப சொல்லி இன்னா பண்றது? ஊத்துறவன் தான் பதில் சொல்லணும்."

பன்னிரண்டு மணிக்கு ஷீபா வந்தாள், திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வரைபடங்களை எடுத்துப்போக. நான் உட்காரச் சொல்லி, மூன்று நோட்டையும் அவள் முன்னால் விரித்தேன். புதன்கிழமை அவள் அளந்தது, வியாழக்கிழமை நான் அளந்தது, இன்று காலை அளந்தது. நான் பெரிதாக விளக்கவில்லை. என்னைவிட வேகமாக அவளுக்குப் புரிந்தது.

"திங்கட்கிழமை மீட்டிங் அண்ணா. இப்ப சொல்றீங்க" என்றாள்.

"இப்பத்தாம்மா தெரிஞ்சுது."

"தெரியலைன்னே வச்சுக்கலாமே."

நான் காலையில் அளந்த நோட்டை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"யாருக்குத் தெரியும் இது? உங்களுக்கு மட்டும்தான?"

"அக்காவுக்கும் தெரியும்."

கன்னியம்மா அக்கா திரும்பாமலேயே குழாயை மூடினார். "எனுக்கு இன்னா கண்ணு தெரியும். நான் கிளாஸ் கயுவுறவ. ஆனா நீ கேட்டியேன்னு சொல்றேன், ஒரே கொயம்புதான்."

ஷீபாவுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். "இது ஒரு இலைச் சாறு அண்ணா. இதை யாரும் ஆஸ்பத்திரில கொடுக்கப் போறதில்ல. தீசிஸ் அலமாரில தூங்கும். யாருக்கு என்ன நஷ்டம்?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்களுக்கு அப்புறம் வேற ஊர்ல ஒரு பிள்ளை இதைப் படிச்சுட்டு, இதே இலையை வச்சு அஞ்சு வருஷம் ஓட்டும்மா. அதுக்கு இந்த எண் வராது. தன் கைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கும். நீங்க புதன்கிழமை நினைச்சீங்களே, அந்த மாதிரி. என் கை அந்தப் பிள்ளைகிட்ட இருக்காதும்மா."

அவள் நோட்டுகளை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். போகும்போது அண்ணா என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பேராசிரியருக்கு நானே போன் செய்யலாமா என்று பல முறை போனை எடுத்தேன். அவளுடைய வேலை, அவளுடைய வாய். முதலில் அவள் சொல்ல வேண்டும், அவள் சொல்லாவிட்டால் கூட்டம் தொடங்குவதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனை வைத்தேன். பிள்ளைகளே, அந்த வரிசை சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை பேராசிரியர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. உள்ளே ஷீபா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் மூன்று நோட்டும் திறந்து கிடந்தன. சொல்லிவிட்டாள்.

பேராசிரியர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க நோட்டு எத்தனை வருஷத்துக்கு இருக்கு?" என்று கேட்டார்.

"பதினோரு வருஷத்துக்கு சார்."

"எல்லாத்தையும் கொண்டு வாங்க."

கூட்டம் தள்ளிப்போனது. அடுத்த மூன்று வாரம் நோட்டு நோட்டாக உட்கார்ந்து பார்த்தோம். டியூபுகளைத் தாங்களே மாற்றி மாற்றி அடுக்கிக் கொடுத்தவர்களின் வேலை தப்பித்தது. இரண்டு பேருடையதை மறுபடி செய்ய வேண்டி வந்தது. படித்து முடித்துப் போய்விட்ட ஒருவருக்குப் பேராசிரியர் கடிதம் எழுதினார். மாடியிலிருந்து ரேக்கைத் தூக்கிக்கொண்டு வருவது நின்றது. கேன்டீனில் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியவர்களும் உண்டு. வேலை போகவில்லை. பேர் போனது, அது நியாயம்தான்.

ஒன்றரை மாதம் கழித்து ஷீபா புதுச் செல் வளர்த்தாள். அந்தக் கல்லூரி வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. அதுவரை என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசியதில்லை. அளக்கிற நாள் காலையில் ரேக்கைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். ஒரு டியூபிலும் பேர் இல்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் மட்டும்.

"எது எதும்மா?" என்று கேட்டேன், பழக்கத்தில்.

"சொல்லமாட்டேன் அண்ணா. எனக்கும் தெரியாது. அக்கா கலைச்சுப் போட்டாங்க. எதுல எதுன்னு அவங்கதான் எழுதி வச்சிருக்காங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் வேலை செய்தவனிடம் டியூபின் பேரை மறைக்கிறார்களே என்று. இரண்டு டியூப் அளக்கும் வரை அந்த வலி இருந்தது. மூன்றாவதை எடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். இது அருமையானதா, சாதாரணமானதா என்று எனக்குத் தெரியவில்லை. எதை அதிகமாகக் கவனிப்பது என்றும் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுத்தேன், ஒரே மாதிரி ஊற்றினேன். நடுநடுவே அளவு தெரிந்த டியூபை வைத்து, படி எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டேன். அத்தனை வருஷத்தில் அவ்வளவு லேசான மனதோடு நான் அளந்ததில்லை.

முடிந்ததும் கன்னியம்மா அக்கா தன் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு எண் எழுத வரும், எழுத்து வராது. ஆறு எண்ணுக்குப் பக்கத்தில் இலை வரைந்திருந்தார். நடு நரம்புகூட விடாமல். மற்ற ஆறுக்குப் பக்கத்தில் வெறும் வட்டம்.

ஷீபா சீட்டையும் என் எண்களையும் பக்கத்தில் வைத்து இறங்கின படியைச் சரிக்கட்டிக் கணக்குப் போட்டாள். ஒரு முறை போட்டாள், மறுபடி போட்டாள். இலைக்கும் வட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

"இன்னா வந்துச்சு?" என்றார் அக்கா.

"ஒரே குழம்புதான் அக்கா," என்றாள் ஷீபா. பேனாவை மூடினாள். "வாங்க அண்ணா, டீ குடிச்சுட்டு வரலாம். அக்கா, நீங்களும்."

அந்த இலை ஏடிபியைக் கூட்டவில்லை என்றே அவள் எழுதினாள். மற்ற அத்தியாயங்கள் அப்படியே நிலைத்தன. தீசிஸ் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. பிறகு வேறொரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு பிரதி எனக்குக் கொடுத்தாள். இங்கிலீஷ்தான், பாதிக்கு மேல் எனக்குப் புரியாது. நன்றிப் பக்கத்தில் கன்னியம்மா அக்கா பேர் இருந்தது, என் பேரும் இருந்தது. நான் ஒரு ரசீதைச் செருகி அடையாளம் வைத்திருப்பது அந்தப் பக்கத்தில் இல்லை. செய்முறை எழுதியிருக்கும் பக்கத்தில் ஒரு வரி வரும். எந்த டியூபில் எது என்று அளந்தவருக்குத் தெரியாது என்று. அந்த வரியில் பேர் கிடையாது. அது நான்தான்.

நாளைக்கு யாராவது எண் மட்டும் போட்ட ரேக்கை உங்கள் மேஜையில் வைத்தால், எது எது என்று கேட்காதீர்கள்.